கலியாணத்துக்குச் சிவப்புப் பாதாம்

1

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் கலியாணத்தன்று இத்தாலியர்கள் ஒவ்வொருவராக வந்து, அவள் படித்துப் பட்டம் பெற்றதற்காக எனக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். கலியாணம் நடந்த மாளிகையின் சொந்தக்காரர், பூ அலங்காரம் செய்தவர், வைன் ஊற்றியவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. மகள் கூறைச் சேலையில் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளையும் நின்றான், அவனை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இந்தக் குளறுபடிக்கு முழுப்பொறுப்பும் ஒரே ஆளுடையது. அந்த ஆள் டென்மார்க்கில் வைலே என்ற ஊரில், சரக்குகள் அடுக்கி வைக்கும் பெரிய கிட்டங்கி ஒன்றில், பெட்டிக்குள் இருப்பதும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவர். அதாவது நான்.

சாவகச்சேரியிலிருந்து என் பள்ளித்தோழன் போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மகளின்ரை கலியாணத்தை இத்தாலியிலை செய்தனியாம். வந்த சனத்துக்கு என்ன குடுத்து விட்டனி?" இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். முடியவில்லை. ஆகவே அவனுக்கும், அவனைப் போலக் கேட்க நினைத்து மரியாதைக்காகக் கேட்காமல் விட்ட உங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2

துளசி எங்கள் ஒரே பிள்ளை. வைலேயில் பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். வீட்டில் நல்ல தமிழ் கேட்க வேண்டுமென்றால் அவளைக் கொஞ்சம் சீண்ட வேண்டும். மாப்பிள்ளை மிக்கெல் டேனிஷ்காரன், பள்ளிக்கூட வாத்தியார், நிறையச் சிரிப்பான்.

"இத்தாலி ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் டேனிஷில் அமைதியாக விளக்கினாள். தலைநகருக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் மண்டபம் எடுத்தால் நான் டென்மார்க்கில் உள்ள தமிழர் முழுப்பேரையும் கூப்பிட்டுவிடுவேனாம். மிக்கெலின் தாய் வீட்டுத் தோட்டத்தில் செய்தால் நானும் என் மனைவி பவானியும் வாழ்த்து அட்டையைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருப்போமாம். இத்தாலியில் என்றால் இரண்டு பக்கமும் விருந்தாளிகள். மறுத்துப் பேச இடமில்லாதபடி கதைப்பது அவளுடைய பழக்கம். அதை யாரிடமிருந்து எடுத்தாள் என்று நான் பவானியைப் பார்த்தேன். பவானி என்னைப் பார்த்தாள்.

சட்டப்படியான கலியாணம் வைலே நகரசபையில் ஒரு வேலைநாளில், நான் காருக்கு இடம் தேடி நிறுத்திவிட்டு வருவதற்குள் பாதி முடிந்துவிட்டது. அதற்கு முன்னர், இவர்கள் இருவரும் மணம் முடிக்கத் தகுந்தவர்கள்தான் என்று நகர நிர்வாகமான கொம்யூன் ஓர் அத்தாட்சி தர வேண்டும். விண்ணப்பம் இணையத்தில். சாத்திரியாரிடம் குறிப்பைக் காட்டவில்லையே என்று உள்ளுக்குள் வருந்திக்கொண்டிருந்த பவானிக்கு அந்த அத்தாட்சி பெரிய ஆறுதல். "கொம்யூன் பொருத்தம் பாத்திட்டுது" என்று தன் தமக்கைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

இனி விருந்தாளிகள். டென்மார்க்கில் அழைப்பிதழ் ஆளுக்கு வரும். நாங்கள் வீட்டுக்குச் சொல்கிறவர்கள். "வீட்டோடை வாங்கோ" என்று ஒரு வாசலில் சொன்னால், அந்த வீட்டில் அன்றைக்கு யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேரும் கணக்கு. துளசி எனக்குத் தந்த இடங்களோ ஒரு சின்ன மேசையில் அடங்கிவிட்டன. கோயிலில் தெரிந்தவர்களைக் கண்டால் தூண் மறைவில் நிற்கப் பழகினேன்.

மண்டபம், சாப்பாடு, பாட்டு எல்லாவற்றையும் பிள்ளைகள் இருவருமே பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு விட்டது ஒன்றே ஒன்று: விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் இனிப்புப் பெட்டியும் இனிப்பு மேசையும். "அப்பா, நீங்களே தெரிவு செய்யுங்கள். நான் பார்க்க மாட்டேன். நம்புகிறேன்" என்றாள்.

அந்த 'நம்புகிறேன்' எனக்குப் பெரிய சொல். ஆர்ஹுஸில் மருத்துவம் படிக்கப் போனவள், நடுவில் விட்டுவிட்டு மழைநீர் வடிகால் பொறியியலுக்கு மாறினாள். அதற்காக எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் தமிழாவது கேட்டிருக்கும். இருவரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம், அதுதான் பிரச்சினை. கோயிலில் யாராவது "பிள்ளை என்ன செய்யிறா?" என்று கேட்டால், "கொம்யூனிலை பெரிய வேலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவேன். அப்படி நான் செருப்பைத் தேடிப் போனதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இந்தப் பெட்டி விஷயத்திலும் கோட்டைவிட்டால், நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்த செய்தியும் எங்களுக்கு மரியாதையான ஒரு மின்னஞ்சலில்தான் வரும் என்று பயந்தேன்.

3

இத்தாலியர் கலியாணத்தில் விருந்தாளிகளுக்குச் சீனி பூசிய பாதாம்பருப்புக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஐந்து. ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். ஐந்தை இரண்டாகப் பங்கிட முடியாது, தம்பதியையும் பிரிக்கக்கூடாது. இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒற்றைப்படையில் நம்பிக்கை வைத்த ஒரு சாதி ஐரோப்பாவிலும் இருக்கிறதே! அடுத்த பல நாட்கள் கிட்டங்கியில் இதைப் பற்றி விரிவுரை செய்தேன். என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரன் காதில் பாட்டுக் கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு வரத் தொடங்கினான்.

ஏரிக்கரையிலுள்ள சின்ன ஊர் ஒன்றில் தலைமுறையாகப் பாதாம் செய்யும் கடையை இணையத்தில் கண்டுபிடித்தேன். படங்கள் எல்லாம் வெள்ளை. வெள்ளைப் பாதாம், வெள்ளை வலைத்துணி, வெள்ளை நாடா. பவானி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, எல்லாம் வெள்ளை? செத்தவீடே?"

"அவையின்ரை வழக்கம் அப்பிடிப் போலை."

"அவையின்ரை வழக்கம் அவையோடை இருக்கட்டும். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை வெள்ளைப் பொட்டலம் ஒருதரின்ரை கையிலையும் போகக்கூடாது. மங்களமா ஒரு நிறம் பாருங்கோ."

பக்கத்தின் அடியில் சிவப்பு இருந்தது. குங்குமச் சிவப்பு. கூறைச் சேலைக்குப் பொருத்தமான சிவப்பு. மகளின் விழாவுக்கு இந்த நிறம் வேண்டுமென்று எழுதிப் போட்டேன்.

கடைக்காரர் செர்ஜியோ ஒரு மணி நேரத்துக்குள் பதில் அனுப்பினார். அவர் இத்தாலிய மொழியில் எழுதுவார், நான் டேனிஷில் எழுதுவேன், நடுவில் கணினி மொழிபெயர்க்கும். பிழை சொல்வதற்கில்லை, மிகத் துல்லியமாகவே மொழிபெயர்த்தது. "சிவப்பு! வாழ்த்துகள்! உங்கள் மகள் பட்டதாரியா? எந்தத் துறை?"

என் நெஞ்சு நிறைந்தது. இந்த நாட்டில் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அவள் சந்தோஷமாக இருக்கிறாளா என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஒரு தகப்பன் என்ன பதில் சொல்ல? செர்ஜியோ ஒருவர்தான் நல்ல குடும்பத்து மனிதராக, எடுத்த எடுப்பில் படிப்பைக் கேட்டார். நான் மூன்று பந்தி எழுதினேன். மழை பெருத்து, ஊரை ஒட்டி உள்நுழைந்த கடலான ஃபியோர்ட்டின் தண்ணீரும் ஏறும் நாட்களில் எங்கள் ஊருக்குள் வெள்ளம் வருவதை எழுதினேன். அந்தத் தண்ணீரை எங்கே மறிப்பது, எங்கே வழிவிடுவது என்பதுதான் என் மகளின் படிப்பு என்றேன். வழியில் கைகாட்டி இன்னொருவர் வாகனத்தில் ஏறியவன் வழி முழுக்கக் கதைப்பதுபோல எழுதினேன்.

"மிக அருமை! எத்தனை புள்ளி?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு!" என்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்பினேன். டென்மார்க்கில் அதற்கு மேலே புள்ளி கிடையாது. இத்தாலியில் பட்டத்துக்கு நூற்றுப்பத்துக்குப் போடுவார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. செர்ஜியோவின் பதில் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. "கவலைப்படாதீர்கள். படித்து முடித்ததுதான் முக்கியம். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான்."

தன் மகனைப் பற்றி இவ்வளவு தன்னடக்கமாகச் சொல்லும் வியாபாரியா என்று வியந்தேன். கடைசியாக, பெட்டியின் மேல் மகளின் பெயரோடு பட்டத்தையும் துறையையும் அச்சடிக்கட்டுமா என்று கேட்டார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் கலியாண அழைப்பிதழில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் இல்லாவிட்டால், விடுபட்டுப்போய்விட்டது என்று அச்சகக்காரரே கூப்பிட்டுக் கேட்பார். "தாராளமாகப் போடுங்கள்" என்றேன். மாப்பிள்ளையின் பெயரை அவர் கேட்கவில்லை. பெண்வீட்டாரின் செலவு என்பதால் நாகரிகம் கருதி விட்டிருப்பார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பெட்டிகள் நேராகக் கலியாணம் நடக்கும் மாளிகைக்கே போகும் என்று ஏற்பாடு.

4

பவானிக்கு வேறு கவலை. பலகாரம் இல்லாமல் கலியாணமா? எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன்னம் பலகாரச் சூடு என்று ஒன்று உண்டு. நல்ல நேரம் பார்த்து, சுமங்கலிப் பெண்கள் ஒற்றைப்படையில் கூடி, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்து முதல் பலகாரம் சுடுவார்கள். அதன் பிறகுதான் அது கலியாண வீடு. கலியாண ஏற்பாட்டைப் பொறுப்பேற்றிருந்த இத்தாலியப் பெண் கியாராவிடம் கேட்டபோது, வீட்டில் செய்த எந்தச் சாப்பாட்டையும் வெளியிலிருந்து மாளிகைக்குள் கொண்டுவரக்கூடாது என்று விதி காட்டினாள்.

நான் அத்துடன் அடங்கிவிட்டேன். முப்பது வருடம் டென்மார்க்கில் இருந்தவனுக்கு விதி என்றால் விதிதான். பவானி அந்த விதியை இரண்டு தரம் மொழிபெயர்ப்பித்துக் கேட்டாள்.

"வெளியிலை இருந்து கொண்டு வரக்கூடாது எண்டுதானே கிடக்கு. உள்ளுக்கை சுடக்கூடாது எண்டு இல்லையே?"

இத்தாலிக்குக் காரிலேயே போனோம். டிக்கியில் உடுப்புப் பெட்டி ஒன்று; மிச்சம் பயற்றம் மா, அரிசிமா, சர்க்கரை, தேங்காய், அதைத் துருவும் துருவலை. மாளிகைக்காரரிடம் கியாரா பேசி, கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் சமையலறையை எங்களுக்கு வாங்கித் தந்தாள். பலகாரம் என்றால் என்ன என்று பார்க்கும் ஆசையில் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள்.

மிக்கெலின் தாய் பிர்கிட் சொந்தமாக ஒரு ஏப்ரனோடு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, "நான் எதில் உதவலாம்?" என்றார். பவானி வறுத்த பயற்றம் மாவில் சர்க்கரைப் பாகும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடிப்பது எப்படி என்று ஒன்றைக் காட்டினாள். பிர்கிட் இரண்டாவதை எடுத்தார். அதன் பிறகு காட்ட ஒன்றுமில்லை. மார்கழி மாதம் முழுக்க மாசிபான் என்ற பாதாம் இனிப்பை உருட்டுகிற டேனிஷ் பெண்களின் கை அது. ஒன்றுபோல ஒன்று, அச்சில் வார்த்த மாதிரி வந்தது.

"பாருங்கோ, வெடிப்பே இல்லை" என்றாள் பவானி என்னிடம். "உங்கடை தங்கச்சி பிடிச்சா நாய்க்கு எறியிற கல்லு மாதிரி இருக்கும்."

பவானி, பிர்கிட், கியாரா. மூன்று பேர், ஒற்றைப்படை சரி. ஆனால் பிர்கிட் விவாகரத்துப் பெற்றவர். கியாராவுக்குக் கலியாணமே ஆகவில்லை. சுமங்கலி என்று பார்த்தால் கணக்கில் ஒரே ஒரு ஆள்தான் தேறும். இதைப் பவானியின் காதில் மெதுவாகப் போட்டேன்.

"எண்ணெய் காய்ஞ்சிட்டுது. சும்மா அங்காலை நில்லுங்கோ" என்றாள்.

நான் அங்காலே நின்றேன். முதல் பயற்றம் பணியாரத்தை அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பிர்கிட் எண்ணெயில் விட்டார். அது பொன்னிறமாகப் பொங்கி மேலே வந்தபோது மூன்று பேரும் மூன்று மொழியில் ஒரே சத்தம் போட்டார்கள்.

5

மறுநாள் காலை, கூடத்து மேசையில் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினோம். கியாரா முதல் மட்டைப் பெட்டியைப் பிரித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே கைக்கடக்கமான அழகிய பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்து சிவப்புப் பாதாம். ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு குட்டிப் பச்சை இலை வளையம். அதன் மேல் குஞ்சம் தொங்கும் கறுப்புப் பட்டமளிப்புத் தொப்பி.

"சிவப்புப் பாதாம் பட்டம் பெற்றவர்களுக்கு" என்றாள் கியாரா, ஆங்கிலத்தில், நோயாளியிடம் பேசுவதுபோல. "கலியாணத்துக்கு வெள்ளை. எப்போதும் வெள்ளை."

"என்னவாம்?" என்று பவானி கேட்டாள்.

"கலியாணத்துக்கு வெள்ளைதானாம்."

பவானி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப செத்தவீட்டுக்கு என்ன குடுக்கிறவையாம்?"

பட்டணத்துக்குப் போனால் வெள்ளைப் பாதாம் வாங்கலாம், பெட்டி கிடைக்காது என்றாள் கியாரா. நான் கத்தரிக்கோல் கேட்டேன். தொப்பிகளை வெட்டி எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு சிவப்புப் பெட்டிதானே? முதல் தொப்பியில் கத்தரிக்கோலை வைத்தபோது துளசி வந்தாள். பாதித் தலைமுடி பின்னியபடி, மேலே ஒரு பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு. ஒரு பெட்டியை எடுத்து மூடியை வாசித்தாள். 'டொத்தொரெஸ்ஸா துளசி.' அதன் கீழே, பொன் எழுத்தில், இத்தாலிய மொழியில் 'மழைநீர்ப் பொறியியல்.'

"உந்தக் கடைக்காரருக்கு ஆர் சொன்னது?" என்றாள். தமிழில்.

தமிழ் என்றால் கோபம். "என்னத்தை?"

"மழைத்தண்ணி எண்டு."

"நான்தான். பிள்ளை என்ன படிச்சவ எண்டு கேட்டவர்."

"கோயிலிலையும்தான் கேக்கினம். அங்கை சொல்லமாட்டியள்."

அந்தக் கூடத்தில் தேடுவதற்கு எனக்குச் செருப்பும் இருக்கவில்லை. "வேறை என்ன சொன்னனீங்கள்?" என்றாள்.

"ஃபியோர்ட் தண்ணி ஏறினா எதிலை மறிக்கிறது, வாற மழையைப் பூங்காவுக்குள்ளை விட்டு எப்பிடித் தேக்கி வைக்கிறது... உதுகள்தான்."

"உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?"

"நீ எழுதின ஆய்வு வாசிச்சனான். கிட்டங்கியிலை, சாப்பாட்டு நேரத்திலை."

"முழுக்கவோ?"

"கணக்கு வந்த இடங்களைப் பாஞ்சு கடந்தனான்."

துளசி என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேசையில் வைத்தாள். கியாராவிடம் திரும்பி, "எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு என் தோளில் நெற்றியை ஒரு கணம் வைத்துவிட்டுத் தலை பின்னப் போனாள். பவானி பெட்டிகளை அடுக்கத் தொடங்கினாள். நான் அவற்றை எண்ணத் தொடங்கினேன். எண்ணாவிட்டால் அழுதிருப்பேன். அதைப் பவானி தன் தமக்கைக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பாள்.

கதை மிக்கெலின் காதுக்குப் போய், அவன் ஒரு பேனையோடு ஓடிவந்தான். தனக்கு இந்தக் கலியாணத்தில் ஏதாவது பங்கு உண்டா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு பெட்டியிலும் துளசியின் பெயருக்குக் கீழே 'மிக்கெல்' என்று கையால் எழுதி வைத்தான். வாத்தியார் அல்லவா, கையெழுத்து நன்றாகவே இருந்தது.

6

இத்தாலியில் பட்டம் பெற்ற எவரையும் டொக்டர் என்று, பெண்ணானால் டொத்தொரெஸ்ஸா என்று, கூப்பிடுவது வழக்கமாம். மாளிகைப் பணியாளர்கள் பெட்டியைப் பார்த்த நிமிடத்திலிருந்து துளசி டொக்டர் ஆனாள். "டொத்தொரெஸ்ஸா, கொஞ்சம் வைன்?" "டொத்தொரெஸ்ஸா, இந்தப் பக்கம்." டேனிஷ்காரர் கிளாசில் கரண்டியால் தட்டினார்கள்; அது மணமக்கள் முத்தமிட வேண்டும் என்ற அறிவிப்பு. இத்தாலியர்கள் அதற்கு மேலால் டொக்டரை வாழ்த்தினார்கள். மருத்துவக் கல்லூரியால் முடியாததை ஒரு பாதாம்கடை எனக்குச் செய்து தந்தது.

டேனிஷ் வழக்கப்படி பெண்ணின் தகப்பன் எழுந்து பேச வேண்டும். மேற்கோள்களெல்லாம் போட்டு நான் எழுதி வைத்திருந்த உரை சட்டைப்பையிலேயே இருந்தது. "என் மகள் மழைக்கு வழி செய்து கொடுக்கிறவள். எங்கள் ஊரில் கன வீடுகள் நனையாமல் இருப்பதற்கு அவளும் ஒரு காரணம்" என்று டேனிஷில் சொன்னேன். பிறகு என் மேசையிலிருந்த எங்கள் ஆட்களுக்காகத் தமிழிலும் சொன்னேன். துளசி கீழே பார்த்துக்கொண்டு பணியாரத்தைக் கடித்தாள். பணியாரம் முழுக்கத் தான் சுட்டது என்று பிர்கிட் எல்லா மேசைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். பவானி மறுக்கவில்லை.

இப்போது வைலேயில் மழை பலமாகப் பெய்தால் துளசியே கூப்பிடுகிறாள். "அப்பா, உங்கடை கிட்டங்கி வாசல்லை தண்ணி நிக்குதோ?" கோபமில்லாமலே தமிழில் கேட்கிறாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், கணுக்கால் அளவா, அதற்கு மேலா என்று பார்த்துச் சொல்கிறேன். தண்ணீர் நின்றால் அவளுக்குக் கவலை. நிற்காவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மிஞ்சிய பெட்டிகளை, கலியாணத்துக்குச் சொல்ல முடியாமல் போனவர்களுக்குப் பணியாரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். கிரின்ஸ்டெட் என்ற ஊரில் பரமு அண்ணை இருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவன். அவருக்குச் சொல்லாமல் விட்டதை நினைத்தால் வழி முழுக்கக் காரில் வியர்த்தது. நல்லகாலம், ஆள் வீட்டில் இல்லை. பையைக் கதவுப்பிடியில் கொழுவிவிட்டு வேகமாகத் திரும்பிவிட்டேன். பின்னேரம் தொலைபேசி வந்தது.

"தம்பி, பை கிடைச்சுது. பணியாரம் நல்ல பதம். மூடியிலை தொப்பியைப் பாத்தன், பிள்ளை படிச்சு முடிச்சிட்டா எண்டு விளங்கினது. வலு சந்தோஷம். கீழை மிக்கெல் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறது அவவைப் படிப்பிச்ச வாத்தியாரே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"சரி, படிப்பு படிப்பு எண்டு உப்பிடியே விட்டிடாதையும். இனியாவது ஒரு நல்ல இடமாப் பாத்துக் கலியாணத்தைச் செய்து வையும். எனக்கும் வீட்டோடை சொல்லும்."